செயின் தாத்தா

செயின் என்றால் நம் ஊரில் முதலில் ஞாபகம் வருவது கழுத்தில் போடுவது. இரண்டாவது, அதைப் பறிப்பது. மோட்டார் சைக்கிள் செயின் மூன்றாவதாகத்தான் வரும். அதுவும் புடவைத் தலைப்போ துப்பட்டாவோ போய் மாட்டிக்கொண்டால்தான். மற்ற நாளெல்லாம் அது பாட்டுக்கு மறைவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பழைய ஜாவா, யெஸ்டி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் வண்டியின் செயினைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்கள். எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரை ரப்பர் குழாயும் தகரமுமாக மூடிக் கிடக்கும். 'என்னமோ கிர்ர்ருங்குது' என்று மெக்கானிக்கிடம் விட்டால், அவர் கழற்றிக் காட்டும்போதுதான் 'அட, உள்ள இவ்ளோ நீளச் செயினா!' என்போம்.

இந்த வாரம் அந்தச் செயினைப் பற்றி. சரியாகச் சொன்னால், செயினை ஒட்டி உருளும் எலுமிச்சம்பழ அளவு ஒரு சின்ன உருளையைப் பற்றி. டென்ஷனர் ரோலர் என்று பெயர். 'டென்ஷன் தெரியும், அது என்ன டென்ஷனர்?' என்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

நான் குடியிருப்பது கலிஃபோர்னியாவில் ஃபோல்சம் என்ற ஊரில். கம்ப்யூட்டர் புண்ணியத்தில் தெருவுக்கு நாலு இந்தியக் குடும்பம் உண்டு. சனிக்கிழமை பாட்டு கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி என்று போகும். ஊருக்குப் பக்கத்திலேயே பிரெய்ரி சிட்டி என்று மண்மேடும் பள்ளமுமான ஒரு பொட்டல். அங்கேதான் 1969-ல் ஆரம்பித்த 'ஹேங்டவுன்' என்ற புகழ்பெற்ற மோட்டோகிராஸ் பந்தயம் இப்போது நடக்கிறது. பக்கத்து ஊரான பிளேசர்விலின் பழைய பெயர் ஹேங்டவுன். தங்கம் தோண்ட வந்த காலத்தில் தூக்கில் போடுவதில் ரொம்பச் சுறுசுறுப்பாக இருந்திருக்கிறார்கள்.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு எழுபத்தொன்றோ என்னவோ வயது. ஸ்கூல் பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு கராஜில் கார் நின்று நான் பார்த்ததில்லை. மூன்று பழைய மோட்டார் சைக்கிள்கள், ஒரு சின்ன லேத்து, சுவர் பூராவும் ஆணியில் தொங்கும் செயின்கள். என் பெண் சின்ன வயதில் வைத்த பெயர் 'செயின் தாத்தா'. எப்போது பார்த்தாலும் மண்ணெண்ணெய்த் தட்டில் ஒரு செயினை ஊறப்போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பார். நானும் கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில் லேத்துப் பட்டறைக்குள் வளர்ந்தவன். அப்பா பம்புசெட் ஷாஃப்ட் கடைவார். எண்ணெய் வாசனை என்னை எதிர்வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனதில் ஆச்சரியம் இல்லை. ஐம்பது வயதுக்காரனான என்னை உலகத்தில் 'கிட்' என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்.

மூன்று வண்டிகளில் ஒன்றைப் பார்த்ததும் எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. சிஸெட் 250. செக்கோஸ்லோவாகியாவில் செய்தது. நம்ம ஊர் ஜாவாவுக்குச் சித்தப்பா மகன் முறை. மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961-லிருந்து 1996-ல் மூடும்வரை ஓட்டிக்கொண்டிருந்தது அந்த வம்சத்தின் சாதுவான கிளையை. கலிஃபோர்னியாவுக்கு வந்தது முரட்டுக் கிளை. பெல்ஜியத்துக்காரர் ஜோயெல் ரோபேர் 1964, 1968, 1969 என்று மூன்று முறை 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வாங்கியது சிஸெட்டில்தான்.

இந்த வண்டி செயின் தாத்தாவின் தம்பியுடையது. தம்பி 1977-ல் போய்விட்டார். கார் விபத்து. பைக்குக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் வண்டி அன்றைக்கு நிறுத்தியது நிறுத்தியபடி கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், கல்லூரியில் படிக்கிற பேத்தி வந்து, 'பழைய வண்டிகளுக்கான பந்தயத்தில் நான் இதை ஓட்டப்போகிறேன்' என்றாள். அவளுடைய அம்மா 'கூடவே கூடாது' என்றார். தாத்தா இரண்டு பக்கமும் பேசவில்லை. கராஜுக்குள் போய் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு பார்க்கின்சன்ஸ். வலது கை ஆடும். ஸ்பானரைப் பிடித்தால் நிற்கும், சின்ன வாஷரைப் பிடித்தால் நிற்காது. 'கிட், எனக்கு ரெண்டு கை வேணும்' என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

பின்சக்கரத்தைத் தாங்கும் கவை மாதிரியான ஸ்விங் ஆர்ம், வண்டியின் நடுவில் ஓர் அச்சில் மேலும் கீழும் ஆடுகிறது. செயினை இழுக்கும் முன் ஸ்பிராக்கெட் அந்த அச்சில் இல்லை. அதற்கு முன்னால் சற்றுத் தள்ளி, எஞ்சினில் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருந்திருந்தால் சக்கரம் எப்படி ஆடினாலும் செயினின் இறுக்கம் மாறாது. தள்ளி இருப்பதால் மாறும். ஸ்பிராக்கெட், அச்சு, பின்சக்கர மையம் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கம். சக்கரம் அதற்குக் கீழே தொங்கினாலும் தொய்யும், மேலே ஏறினாலும் தொய்யும்.

எவ்வளவு தொய்யும்? ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஸ்விங் ஆர்ம் 45 சென்டிமீட்டர், ஸ்பிராக்கெட்டுக்கும் அச்சுக்கும் 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பழைய காலத்து வண்டிகளில் பின்சக்கரம் மொத்தமே 4 அங்குலம்தான் ஆடும். கோட்டிலிருந்து இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அப்போது ஸ்பிராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தூரம் அரை மில்லிமீட்டர்கூடக் குறைவதில்லை. கீழ்ச் செயினில் தொய்வு ஒன்றரை சென்டிமீட்டர். யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதே சக்கரம் ஆறு அங்குலம் கீழே தொங்கினால்? தூரம் குறைவது வெறும் 4 மில்லிமீட்டர். தொய்வோ நாலரை சென்டிமீட்டர்! இழுத்துக் கட்டிய கயிற்றில் கொஞ்சம் விட்டாலும் நடுவில் கொடி வளைகிற மாதிரி. மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

சரி, தொய்கிறதே என்று ஸ்டாண்டில் நிறுத்தி வைத்து நன்றாக இறுக்கிவிட்டால்? ஓடும்போது சக்கரம் மேலே ஏறி அந்த நேர்கோட்டுக்கு வந்ததும் செயின் வில் நாண் மாதிரி விறைக்கும். செயின் அறும், அல்லது எஞ்சின் பேரிங் போகும். அதனால் தொய்வை வைத்தே ஆக வேண்டும். வைத்தால் அது ஆட்டம் போடும், பல்லை விட்டு நழுவும்.

1970-களின் ஆரம்பம்வரை இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. சக்கரம் 4 அங்குலத்துக்குமேல் ஆடினால்தானே? பெல்ஜியத்துப் பொறியாளர் லூசியான் டில்கென்ஸ், பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பருக்குப் பதில் ஒற்றை ஷாக்கை வண்டியின் முதுகுக்கு அடியில் படுக்கவைத்தார். யமஹா அதை வாங்கிக்கொண்டது. 1973-ல் ஸ்வீடனின் ஹோகன் ஆண்டர்சன் அந்த வண்டியில் 250 சிசி உலகப் பட்டம் வாங்கினார். அவ்வளவுதான், எல்லோருக்கும் பேய் பிடித்துவிட்டது. ஜெர்மனியின் மாய்க்கோ ஷாக்குகளை முன்னால் தள்ளிச் சாய்த்தது. பத்து வருடத்துக்குள் 4 அங்குலம் 12 அங்குலமாகிவிட்டது. புது வண்டி வாங்கக் காசில்லாத பையன்கள் கராஜில் ரம்பத்தை எடுத்தார்கள். ஷாக் மாட்டும் காதை அறுத்து, முன்னால் நகர்த்தி வெல்டிங் வைத்தால் சக்கரம் கூடுதலாக ஆடும்!

தாத்தாவின் தம்பி செய்ததும் அதுதான். 1975-ல், பத்தொன்பது வயதில். சக்கரம் ஒன்பது அங்குலம் ஆடியதாம். தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு மேட்டிலிருந்து இறங்கும்போது செயின் நழுவியது. நழுவிய செயின் சும்மா கீழே விழாது. முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு, எஞ்சினின் அலுமினிய உடம்பைக் கடித்துவிடும், பின்சக்கரத்தையும் பூட்டிவிடும். தம்பிக்குக் காறை எலும்பு முறிந்தது. எஞ்சினில் ஒரு விரற்கடை நீளத்துக்கு உடைசல். அலுமினிய வெல்டிங் வைத்துத் தேய்த்த அந்த வடுவை இன்றைக்கும் தடவிப் பார்க்கலாம்.

ஒற்றைக் கையோடு வீட்டுக்கு வந்த தம்பி, அன்று சாயந்திரமே தங்கையின் ஸ்கேட்போர்டிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றினார். அந்தச் சமயத்தில்தான் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் புண்ணியத்தில் கலிஃபோர்னியா ஸ்கேட்போர்டுகளுக்கு பாலியூரித்தேன் சக்கரம் வந்திருந்தது. ரப்பர் மாதிரி மெத்தென்று, ஆனால் தேயாமல். அதை ஒரு இரும்புப் பட்டையில் மாட்டி, கொசுவலைக் கதவின் ஸ்பிரிங்கைக் கட்டி, கீழ்ச் செயினை மேல்நோக்கித் தள்ளுகிற மாதிரி வைத்தார். தொய்வு வரும்போது உருளை மேலே போய் அதை வாங்கிக்கொள்ளும். இறுகும்போது ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும். டென்ஷனர் என்பது இதுதான்.

ஏன் கீழ்ச் செயின்? முறுக்கினால் இழுபடுவது மேல் வரிசை, அது விறைத்து நிற்கும். தொய்வெல்லாம் கீழே வந்து சேரும். ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டால், எஞ்சின் பிடிக்கும்போது, கீழ் வரிசை நேராகி உருளையை எட்டி உதைக்கும். அதனால்தான் ஸ்பிரிங். அசையாமல் இறுக்கி மாட்டிய உருளை, உதைபட்டு உடையும்.

நாங்கள் கழற்றியபோது அந்த ஸ்கேட்போர்டு சக்கரம் பழுத்த மஞ்சளாகி, நகத்தால் சுரண்டினால் வெல்லம் மாதிரி உதிர்ந்தது. பேத்தி அதைக் கையில் வாங்கிக்கொண்டு, 'இதையே ஏதாவது செய்து மாட்ட முடியாதா?' என்றாள். கண் கலங்கியிருந்தது. பார்த்தேயிராத சின்னத் தாத்தாவின் கைவேலை அல்லவா?

செயின் தாத்தா பதில் சொல்லவில்லை. என்னை விட்டு வெல்டிங் வைத்த இடங்களில் பெயின்டைச் சுரண்டச் சொன்னார். சிவப்புச் சாயத்தை அடித்து, கால் மணி நேரம் விட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்தோம். வெடிப்பு இருந்தால் உள்ளே போன சிவப்பு, பொடியில் ஊறித் தெரியும். ஷாக் மாட்டிய காதுகளில் ஒன்றுமில்லை. டென்ஷனரைத் தாங்கும் பட்டையின் அடியில், தலைமுடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு மெல்லப் பூத்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

'அவன் வெல்டிங் எப்பவுமே அவசரம்' என்றார் தாத்தா. 'அறு.'

அறுத்தேன். பேத்தி வெளியே போய்விட்டாள்.

புது உருளையை நாங்களே கடைந்தோம். கடையில் கிடைக்கும்தான். ஆனால் இந்தப் பட்டைக்கும் இந்த அகலத்துக்கும் சரியாக வராது. நைலான் வேண்டாம், ஈரத்தைக் குடித்துப் பெருக்கும் என்றார் தாத்தா. அசிடால் என்கிற கெட்டி பிளாஸ்டிக் ராடு வாங்கினோம். 40 மில்லிமீட்டர் குறுக்களவு. சின்ன சமாசாரம்தானே என்று நினைக்கக்கூடாது. வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனால் இந்த உருளை நிமிடத்துக்குச் சுமார் 3,000 முறை சுற்றும். மிக்ஸி ஜாடியைச் சேற்றில் முக்கிச் சுற்றவிடுகிற மாதிரி. அதனால் இரண்டு பக்கமும் மூடி போட்ட பால் பேரிங்.

இந்த இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர் வரும். ஒரு சின்ன இரும்பு வளையம், பார்த்தால் கால் காசு பெறாது. இது இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் இரண்டு பேரிங்கின் உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நெருக்குண்டு உருளை இறுகிவிடும். கையால் சுற்றினால் சுற்றும், வேகம் போனால் கொதித்துப் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். ஸ்பேசர் நீளம் உள்ளே இருக்கும் இடைவெளிக்குச் சரியாக, போனால் ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கலாம். குறையவே கூடாது. தாத்தாவின் லேத்தில் அதைக் கடையும்போது அப்பா குரல் காதில் கேட்டது. 'கூட இருந்தா எடுத்துக்கலாங் கண்ணு. கொறஞ்சு போச்சுன்னா எங்கிருந்து கொண்டாந்து ஒட்டுவே?' மூன்று முறை எடுத்து, நாலாவது முறை சரியாக உட்கார்ந்தது.

அப்பா அங்குலத்தை எட்டு நூலாகப் பிரித்துப் பேசுகிற ஆள். இந்த வண்டியின் செயின் எண் 520. செயின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முதல் 5 என்றால் ஒரு கண்ணியிலிருந்து அடுத்ததற்கு எட்டில் ஐந்து அங்குலம். அடுத்த 2 என்றால் உள் அகலம் எட்டில் இரண்டு. அதாவது அஞ்சு நூல் தூரம், ரெண்டு நூல் அகலம்! மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் ரோலர் செயினைக் கண்டுபிடித்தார். இன்றைக்குக் கோவையிலும் அம்பத்தூரிலும் செயின் செய்கிறார்கள். எல்லாம் நூல் கணக்குதான். தாத்தாவிடம் சொன்னேன். 'நூலா? நல்ல அளவு' என்று தலையாட்டினார். கை ஆட்டமா தலையாட்டலா என்று தெரியவில்லை.

அப்புறம் மாட்டுவது. ஷாக்குகள் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். அப்போதுதான் பின்சக்கரத்தைக் கையால் அடியிலிருந்து உச்சிவரை தூக்கிப் பார்க்கலாம். நான் சக்கரத்தைத் தூக்க, தாத்தா முக்காலியில் உட்கார்ந்து டார்ச் அடிக்க, 'கொஞ்சம் மேலே... நிறுத்து... இறக்கு' என்று ஒரு மணி நேரம். முதலில் உருளை இல்லாமல், செயின் மிக இறுகுகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு விரல் கனத்துக்கு ஆட்டம் வைத்தோம். பிறகு உருளையை மாட்டி, சக்கரம் முழுசாகத் தொங்கும்போது மிச்சத் தொய்வையெல்லாம் அது வாங்கிக்கொள்கிறதா என்று பார்த்தோம். அடுத்து நேர்க்கோடு. இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் ஒரு இரும்புச் சட்டத்தை ஒட்டி வைத்தால் உருளையின் நடுவும் அதே கோட்டில் வர வேண்டும். ஒரு நூல் விலகினாலும் செயினை நழுவாமல் பிடிக்க வந்த உருளையே அதைத் தள்ளிவிட்டுவிடும். எங்களுடையது அரை நூல் விலகியிருந்தது. வாஷர் போட்டுச் சரிசெய்தோம்.

இவ்வளவு பாடும் இல்லாமல் ஸ்பிராக்கெட்டையும் அச்சையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன என்று கேட்கிறீர்களா? செய்திருக்கிறார்கள். பிஎம்டபிள்யூ 2008-ல் விட்ட ஜி450எக்ஸ் அப்படித்தான். முன் ஸ்பிராக்கெட்டை மாற்ற வேண்டுமென்றால் ஸ்விங் ஆர்மையே கழற்ற வேண்டும்! ஆஸ்திரியாவில் பிறந்த ஹார்ஸ்ட் லைட்னர் இன்னொரு வழி பிடித்தார். அச்சுக்குப் பக்கத்தில் உருளைகளை வைத்து, செயினின் இழுப்பு ஷாக்கைத் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டார். அமெரிக்காவில் அவர் ஆரம்பித்த ஏடிகே கம்பெனியின் பெயரே அந்த ஏற்பாட்டின் ஜெர்மன் சுருக்கம்தான். பின்னால் அவர் சைக்கிள் பக்கம் போனார். இன்றைக்கு மலைச் சைக்கிள் ஓட்டும் பையன்கள் 'ஹார்ஸ்ட் லிங்க்' என்று சொல்வது அவர் பெயரைத்தான்.

பேத்தி சாயந்திரம் திரும்பி வந்தாள். செயினைப் பூட்டும் லாக் கிளிப்பைத் தாத்தா அவளிடமே கொடுத்தார். 'மீன் மாதிரி இருக்கு பார். மூடின பக்கம் தலை, பிளந்த பக்கம் வால். செயின் போற திசையில மீன் நீந்தணும். திருப்பிப் போட்டா ஏதாவது தட்டிக் கழண்டுடும்.' அவள் பிளையரால் அழுத்தி 'டிக்' என்று உட்காரவைத்தாள். தாத்தா டார்ச் அடித்துப் பார்த்தார். அவள் அம்மா வாசல்வரை வந்து நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. 'அது கழண்டா என்ன ஆகும்?' என்று கேட்டார். தாத்தா எஞ்சினில் இருந்த வடுவைக் காட்டி ஒளிக்காமல் சொன்னார். காறை எலும்பையும் சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, 'காபி போடறேன்' என்று உள்ளே போனார்.

தம்பியின் ரம்பம் ஒரு வேலை செய்திருந்தது. பழைய வண்டிப் பந்தயங்களில் பின்சக்கரம் 4 அங்குலத்துக்குமேல் ஆடக்கூடாது என்று ஒரு பிரிவு உண்டு. சிஸெட் பிறந்த வருடத்துக்கு அதில்தான் சேர்ந்திருக்க வேண்டும். ஷாக்கை நகர்த்தியதால் அதற்குப் பிந்தைய காலத்து, நீள ஆட்டம் உள்ள வண்டிகளோடு மோத வேண்டியதாயிற்று. பேத்திக்கு வந்த இடம் பதினொன்று. பதினான்கு பேரில்.

நான் சொல்ல நினைத்தது பந்தயத்தை அல்ல. காலையில் பயிற்சி ஓட்டத்தில் ஐந்து சுற்று போய்விட்டு அவள் திரும்பியபோது நடந்ததை. ஹெல்மெட்டைக் கழற்றி, முகமெல்லாம் புழுதியும் சிரிப்புமாக நிற்கிறாள். தாத்தா அவளைப் பார்க்கவே இல்லை. ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டி போட்டார். அந்த வயதில், அந்த நோயோடு, சரளைக் கல்லில். டார்ச்சை என்னிடம் கொடுத்தார். உருளையின் நடுவில், இரண்டு ஓரத்திலும் படாமல், செயின் பதித்த கருப்புத் தடம் ஒன்று நேராக ஓடியிருந்தது. புறங்கையை அதன்மேல் வைத்தார். கை ஆடிக்கொண்டே இருந்தது.

'சூடில்லை' என்றார்.

எழுந்துகொள்ள நானும் பேத்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். எழுந்ததும் முதல் வேலையாக, உருளை ஒரு பருவம்தான் தாங்கும், இன்னும் இரண்டு கடைந்து வை என்று எனக்கு உத்தரவு. அடுத்த பந்தயம் செப்டம்பரில். ஒன்று முடித்துவிட்டேன். இன்னொன்றுக்கு ஸ்பேசர் மட்டும் பாக்கி.